கண்ணாடி துடைக்கும் மின்பொறி

மோட்டார் வண்டிகளைப் பற்றிப் பேசும்போது எஞ்சினின் வலிமையைப் பற்றிப் பேசுகிறோம். பிரேக்கின் உறுதியைப் பற்றிப் பேசுகிறோம். டயரின் ஆயுளைப் பற்றியும் பேசுகிறோம். முன் கண்ணாடியில் படியும் மழைநீரைத் துடைக்கும் வைப்பரைப் பற்றி மட்டும், அது நின்றுபோகும் நாள் வரையில், நாம் நினைப்பதேயில்லை. அப்படி அது நின்றுபோகும் நாள் பெரும்பாலும் பெருமழை கொட்டும் நாளாகவே அமைந்துவிடுகிறது. ஆகவே, அந்தச் சிறு சாதனத்தை இயக்கும் மின்சார மோட்டார் எவ்வாறு வேலை செய்கிறது, அது ஏன் பழுதடைகிறது, பழுதடையாமல் காப்பது எப்படி என்பவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

ஹைதராபாத் நகரின் வடகிழக்குப் பகுதியில் குஷாய்குடா என்னும் ஊர் இருக்கிறது. 1967ஆம் ஆண்டில் அணுசக்தித் துறையின் கீழ் நிறுவப்பெற்ற எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆப் இந்தியா என்னும் பெரிய தொழிற்சாலை அதன் அண்மையில் உள்ளது. சிறு தொழில்கள் பல நடைபெறும் தொழிற்பேட்டையும், அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பஸ் டிப்போவும் குஷாய்குடாவிலேயே உள்ளன. இத்தகைய ஓர் ஊரில் பொழுது விடியுமுன் பஸ்கள் புறப்படுகின்றன. ஷிப்டு முடிந்து இரவில் வீடு திரும்புவோரும் அநேகர். மழை வந்துவிட்டது என்பதற்காக இவர்களுடைய போக்குவரத்து நின்றுவிடுவதில்லை.

ஹைதராபாத்தில் ஓராண்டில் சுமார் 80 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலேயே பெய்துவிடுகிறது. சில ஆண்டுகளில் பின்மழையும் கடுமையாக இருப்பதுண்டு. 2020ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் தேதி பெய்த பெருமழையை அந்நகரத்தார் எளிதில் மறக்கமாட்டார்கள். அன்று குஷாய்குடாவிற்குக் கிழக்கே உள்ள கட்கேசர் வட்டாரத்தில் ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. ஆனால் நவம்பர் முதல் மே வரையில் வானம் பெரும்பாலும் வறண்டே இருக்கும். இந்த ஏழு மாதங்களிலும் வைப்பருக்கு அநேகமாக வேலையே இல்லை. கோடை வெயிலில் காய்ந்து, புழுதி படிந்து கிடந்த அந்தச் சாதனம், ஜூன் மாதத்தின் முதல் மழையன்று திடீரென்று குறைவின்றி வேலை செய்ய வேண்டும். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவமழைக்கும் இதே நியாயம் பொருந்தும். நெடுநாள் சும்மா கிடந்தபின் ஒரே நாளில் முழு வேலையையும் ஏற்க வேண்டிய பொறி என்பதை நாம் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

வைப்பரின் வரலாற்றைச் சில வாக்கியங்களில் கூறிவிடலாம். அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்னும் பெண்மணி, வண்டியின் உள்ளிருந்தே ஒரு பிடியை அசைத்துக் கண்ணாடியைத் துடைக்கும் கருவிக்கு 1903ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அது கையால் இயக்கும் கருவி. பின்னர், எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் உறிஞ்சு விசையைக் கொண்டு இயங்கும் வைப்பர்கள் பரவின. அவற்றில் ஒரு பெருங்குறை இருந்தது. வண்டி மேட்டில் ஏறும்போதோ, வேகத்தைக் கூட்டும்போதோ, எஞ்சினின் உறிஞ்சு விசை குறைந்துவிடும், வைப்பரும் தளர்ந்துவிடும். பார்வை மிகவும் தேவைப்படும் நேரத்தில் துடைப்பான் சோர்ந்துபோவது எத்தகைய ஆபத்து! மின்சார மோட்டாருக்கு இந்தக் குறை இல்லை. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1926ஆம் ஆண்டில் மின்சார வைப்பரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில், 1961ஆம் ஆண்டில் சென்னைப் பாடியில் தோன்றிய லூக்காஸ் டி.வி.எஸ். நிறுவனம் எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் முதலியவற்றுடன் வைப்பர் மோட்டாரையும் செய்து வருகிறது.

இனி மோட்டாரின் உள்ளே சென்று பார்ப்போம். உள்ளங்கையில் அடங்கக்கூடிய ஓர் உருளை வடிவ இரும்புக் கூடு. அதன் உட்சுவரில், வளைந்த ஓடுகளைப் போல, இரண்டு நிலைக்காந்தங்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் நடுவே, எனாமல் பூசிய செம்புக் கம்பி பல சுற்றுகளாகச் சுற்றப்பட்ட ஆர்மெச்சூர் சுழல்கிறது. காந்தப்புலத்தில் உள்ள கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் அக்கம்பி ஒரு பக்கமாகத் தள்ளப்படும் என்பது நாம் பள்ளியில் படித்த செய்திதான். அத்தள்ளுதல் எப்போதும் ஒரே சுழற்சித் திசையில் இருக்க வேண்டுமானால், ஆர்மெச்சூர் சுழலச் சுழல அதன் சுருள்களில் மின்னோட்டத்தின் திசையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது கம்யூட்டேட்டர் என்னும் செம்புத் துண்டுகளாலான வளையம். கார்பன் பிரஷ்கள் இவ்வளையத்தின் மீது உராய்ந்தவண்ணம் பாட்டரியின் மின்சாரத்தை உள்ளே செலுத்துகின்றன. கார்களில் இது 12 வோல்ட். பஸ்களிலும் லாரிகளிலும் பெரும்பாலும் 24 வோல்ட்.

இங்கே ஒரு நுட்பமான உண்மையைக் கவனிக்க வேண்டும். காந்தப்புலத்தில் கம்பி சுழன்றால் அக்கம்பியில் மின்சாரம் பிறக்கும். டைனமோ வேலை செய்வது இந்த விதியால்தான். அப்படியானால், மோட்டாரின் ஆர்மெச்சூரும் காந்தப்புலத்தில்தானே சுழல்கிறது? அதிலும் மின்னழுத்தம் பிறக்க வேண்டுமல்லவா? ஆம், பிறக்கிறது. ஆனால் அது பாட்டரியின் அழுத்தத்தை எதிர்க்கும் திசையில் பிறக்கிறது. இதனை எதிர் மின்னியக்கு விசை என்று கூறுவர். மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ அவ்வளவுக்கு இவ்விசையும் வளரும். வைப்பர் மோட்டார் இரண்டு வேகங்களில் ஓடுவதும், உரிய இடத்தில் நிற்பதும், சில சமயங்களில் கருகிப்போவதும் ஆகிய மூன்றையும் விளக்குவதற்கு இந்த ஒரே விதி போதும். அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

அதற்கு முன்னால், மோட்டாரின் சுழற்சி கண்ணாடியின் மேல் எப்படி வந்து சேர்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். ஆர்மெச்சூர் நிமிடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் சுற்றுகள் சுழலக்கூடியது. வைப்பருக்கு வேண்டியதோ நிமிடத்துக்கு நாற்பது, அறுபது வீச்சுகள்தான். ஆகவே வேகத்தைக் குறைத்து, திருப்பும் வலிமையைப் பெருக்க வேண்டும். ஆர்மெச்சூரின் தண்டின் முனையில் திருகாணியின் மரை போன்ற அமைப்பு வெட்டப்பட்டுள்ளது. பட்டறைக்காரர்கள் இதனை வார்ம் என்பார்கள். இது ஒரு பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. தண்டு ஒரு முழுச் சுற்று சுற்றினால் பற்சக்கரம் ஒரே ஒரு பல் அளவுதான் நகரும் என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்துக்கு 55 பற்கள் இருந்தால், தண்டு நிமிடத்துக்கு 2,475 சுற்றுகள் சுற்றும்போது சக்கரம் 45 சுற்றுகளே சுற்றும். சப்தத்தைக் குறைப்பதற்காக இச்சக்கரத்தைப் பெரும்பாலும் நைலான் போன்ற பிளாஸ்டிக்கினால் செய்கிறார்கள். இவ்வமைப்பில் தண்டு சக்கரத்தை எளிதில் திருப்பும். சக்கரம் தண்டை எளிதில் திருப்பாது. ஆதலால் எதிர்க்காற்று வைப்பரை நகர்த்திவிடுவதில்லை. நின்றிருக்கும் வைப்பரைக் கையால் பலவந்தமாகத் தள்ளினால் பிளாஸ்டிக் பற்கள் நொறுங்கக்கூடும் என்பதற்கும் காரணம் இதுவே.

பற்சக்கரத்தின் அச்சில் கிராங்கு என்னும் சிறு புயம் பொருத்தப்பட்டுள்ளது. அப்புயம் வட்டமாகச் சுழல்கிறது. அதனோடு கோத்த இணைப்புக் கம்பிகள் முன்னும் பின்னுமாக இழுபடுகின்றன. அவை வைப்பர் கைகளின் அச்சுகளை இடமும் வலமுமாகத் திருப்புகின்றன. தையல் இயந்திரத்தில் மிதிபலகையின் ஏற்ற இறக்கம் சக்கரத்தின் சுழற்சியாக மாறுவதை நாம் பார்த்திருக்கிறோம். இங்கு நடப்பது அதற்கு நேர்மாறானது; சுழற்சி, அசைவாக மாறுகிறது. மோட்டார் எப்போதும் ஒரே திசையில்தான் சுழல்கிறது. கண்ணாடியின் மேல் துடைப்பான் போய்த் திரும்புவதோ இந்தக் கம்பிகளின் அமைப்பினால்தான். அண்மைக் காலத்து வண்டிகள் சிலவற்றில் மோட்டாரையே மின்னணுச் சுற்றின் மூலம் முன்னும் பின்னும் சுழலச் செய்கிறார்கள். எனினும் கிராங்கு முறையே இன்றும் பரவலாகக் காணப்படுகிறது.

இப்போது இரண்டு வேகங்களின் இரகசியத்துக்கு வருவோம். தூறலுக்கு ஒரு வேகமும் பெருமழைக்கு வேறொரு வேகமும் வேண்டும். வண்டிகளில் குறைந்தது இரண்டு வேகங்கள் இருக்க வேண்டும் என்றும், அதிவேகம் நிமிடத்துக்கு 45 வீச்சுகளுக்குக் குறையக்கூடாது என்றும், இரண்டுக்கும் இடையே 15 வீச்சுகளேனும் வேறுபாடு இருக்க வேண்டும் என்றும் அமெரிக்க நாட்டின் விதிகள் கூறுகின்றன. இதற்காக மோட்டாரில் இரண்டு பிரஷ்களுக்குப் பதிலாக மூன்று பிரஷ்களை வைத்திருக்கிறார்கள். ஒன்று இரு வேகங்களுக்கும் பொதுவானது. அதற்கு நேர் எதிரே இருப்பது குறைந்த வேகத்துக்கு உரியது. மூன்றாவது பிரஷ் நேர் எதிரே இராமல் சற்று விலகி நிற்கிறது. மின்சாரம் அதன் வழியே புகும்போது, சுருள்களில் சில, மற்றவற்றுக்கு எதிரான திசையில் அழுத்தத்தைப் பிறப்பிக்கின்றன. ஆகவே மொத்த எதிர் மின்னியக்கு விசை குறைந்துபோகிறது. அது மீண்டும் பாட்டரியின் அழுத்தத்தை ஒட்டி வளர வேண்டுமானால் ஆர்மெச்சூர் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும், அவ்வாறே சுழல்கிறது. பற்சக்கரத்தை மாற்றாமல், வேறு மோட்டாரைப் பொருத்தாமல், ஒரு பிரஷ் நிற்கும் இடத்தைக் கொண்டே இரண்டாம் வேகம் கிடைத்துவிடுகிறது. ஆனால் இவ்வேகத்தில் திருப்பும் வலிமை சற்றுக் குறைவு. மின்சாரச் செலவும் அதிகம். ஆதலால் வறண்ட கண்ணாடியில் அதிவேகத்தைப் பயன்படுத்துவது மோட்டாருக்கு நல்லதன்று.

அடுத்து, நிற்கும் விதத்தைக் காண்போம். மோட்டாரைச் சுழற்றுவது எளிது. அதனை உரிய இடத்தில் நிறுத்துவதுதான் கடினம். ஓட்டுபவர் ஸ்விட்சை அணைக்கும்போது துடைப்பான் கண்ணாடியின் நடுவே இருக்கலாம். அங்கேயே அது நின்றுவிட்டால் பார்வைக்குக் குறுக்கே கம்பி நட்டது போலாகிவிடும். அது எப்போதும் கண்ணாடியின் அடிவிளிம்புக்கு வந்தபிறகே நிற்க வேண்டும். இதற்காகப் பற்சக்கரத்தின் முகத்தில் ஓர் உலோக வளையத் தகடு பொருத்தப்பட்டிருக்கிறது. அதில் ஓரிடத்தில் மட்டும் ஒரு வெட்டு உண்டு. வளையத்தின் மீது சிறு தொடுவில்கள் உராய்ந்துகொண்டிருக்கின்றன. ஸ்விட்சை அணைத்த பின்னும், மின்சாரம் இந்த வளையத்தின் வழியே மோட்டாருக்குச் சென்றுகொண்டேயிருக்கும். துடைப்பான் அடிவிளிம்பை அடைந்தவுடன் அவ்வெட்டு தொடுவில்லின் கீழ் வந்துவிடுகிறது, மின்சாரம் அறுபடுகிறது.

மின்சாரம் அறுபட்டாலும், வேகமாகச் சுழலும் ஆர்மெச்சூர் உடனே நின்றுவிடுமா? நிற்காது. சில சுற்றுகள் ஓடி, துடைப்பானை மறுபடியும் மேலே ஏற்றிவிடும். அதனைத் தடுப்பதற்கு மோட்டாரின் எதிர் மின்னியக்கு விசையே துணைபுரிகிறது. அவ்வெட்டு வரும் அதே கணத்தில், மோட்டாரின் இரு முனைகளும் ஒன்றோடொன்று இணையுமாறு அமைத்திருக்கிறார்கள். சுழலும் ஆர்மெச்சூர் அக்கணத்தில் ஒரு டைனமோ ஆகிவிடுகிறது. அது பிறப்பிக்கும் மின்சாரம் அதன் சுருள்களிலேயே பாய்ந்து, அதன் சுழற்சியையே எதிர்க்கிறது. தனியே பிரேக் எதுவுமில்லை. மோட்டாரே தன்னைத் தடுத்து நிறுத்திக்கொள்கிறது. வைப்பர் ஸ்விட்சை அணைத்தவுடன் துடைப்பான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாலும், அடிவிளிம்புக்கு வந்தும் நிற்காமல் தாண்டிப்போனாலும், பெரும்பாலும் பழுது இந்த வளையத்திலோ, அதன் தொடுவில்லிலோ, அதற்குச் செல்லும் கம்பியிலோ இருக்கும். மோட்டாரையே மாற்றுவதற்கு முன்னால் இவற்றைச் சோதிக்கச் சொல்வது நம் பணத்துக்கு நல்லது.

மூன்றாவதாக, மோட்டார் ஏன் கருகுகிறது? ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பாட்டரி 12 வோல்ட். சுருளின் மின்தடை 0.6 ஓம், மோட்டார் ஓடும்போது எதிர் மின்னியக்கு விசை 10.2 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சியுள்ள 1.8 வோல்ட்தான் மின்சாரத்தைச் செலுத்துகிறது. ஆகவே 3 ஆம்பியர் பாய்கிறது. இப்போது துடைப்பான் எதிலோ சிக்கி நின்றுவிட்டது என்று கொள்வோம். சுழற்சி இல்லை, ஆகவே எதிர் விசையும் இல்லை. 12 வோல்ட் முழுவதும் அந்த 0.6 ஓம் மின்தடையின் மீது பாய்கிறது. 20 ஆம்பியர் ஓடுகிறது. சுருளில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடி விகிதத்தில் பெருகும். ஆதலால் முன்பு 5.4 வாட்டாக இருந்த வெப்பம் 240 வாட்டாகிறது. அதாவது சுமார் 44 மடங்கு. ஃபியூஸோ, வெப்பத்தால் வளைந்து மின்சாரத்தை அறுக்கும் இரட்டை உலோகப் பட்டையோ காப்பாற்றாவிட்டால் சுருளின் எனாமல் கருகிவிடும். கை நிரம்பக் காசு கொடுத்து வாங்கிய மோட்டார் சில நிமிடங்களில் பாழாவது இவ்வாறுதான். ஃபியூஸ் போய்விட்டதென்று அதனிடத்தில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடும் வழக்கம் எவ்வளவு தீயது என்பது இதனால் விளங்கும்.

துடைப்பானை எது சிக்க வைக்கிறது? பல நேரங்களில் அது மோட்டாரின் குற்றமன்று. வெயிலில் காய்ந்து விறைத்துப்போன ரப்பர் பட்டை, கண்ணாடியில் வழுக்காமல் பற்றிக்கொள்ளும். துடைப்பானின் அச்சுகளில் பசை உலர்ந்து துரு ஏறியிருக்கும். கண்ணாடியின் மேல் ஏழு மாதப் புழுதி இருக்கும். முதல் மழையின் சில துளிகள் அப்புழுதியைச் சேறாக்கும். ஸ்விட்சைப் போட்டவுடன் ரப்பர் அச்சேற்றைத் தேய்த்து, கண்ணாடியை மங்கலாக்குவதோடு மோட்டாருக்கும் இரட்டைச் சுமையைக் கொடுக்கும். பழுதடைந்த ரப்பரை மாற்ற ஆகும் செலவு சிறிது; அதனை மாற்றாததால் மோட்டாருக்கு வரும் செலவு பெரிது.

விட்டுவிட்டு இயங்கும் வைப்பரைப் பற்றியும் ஒரு சொல். தூறல் நேரத்தில் வைப்பர் ஓயாமல் ஓடினால் கண்ணாடி வறண்டு கிறீச்சிடும். நம் கண்ணிமை ஓயாமல் அசைவதில்லை. அவ்வப்போது ஒருமுறை மூடித் திறக்கிறது. இதனைக் கருத்திற்கொண்டு, ராபர்ட் கேர்ன்ஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் மின்தேக்கி, மின்தடை, டிரான்சிஸ்டர் ஆகியவற்றைக் கொண்ட சுற்று ஒன்றை அமைத்தார். மின்தேக்கி மெல்ல நிரம்பும் வரையில் வைப்பர் ஓய்ந்திருக்கும். நிரம்பியவுடன் ஒரு வீச்சு வீசும். 1964ஆம் ஆண்டில் விண்ணப்பித்த இந்தக் காப்புரிமை 1967இல் கிடைத்தது. பெரிய மோட்டார் நிறுவனங்கள் தம் அனுமதியின்றி இதனைப் பயன்படுத்தின என்று அவர் பல்லாண்டுகள் வழக்காடினார். 1990இல் ஃபோர்டு நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் தீர்ப்பு அவருக்குச் சாதகமாயிற்று. சிறிய சாதனம் என்று நாம் எண்ணுவதற்குப் பின்னால் ஒரு மனிதரின் பெரும்பாலான வாழ்நாள் இருக்கிறது. இன்று இந்த இடைவெளிகளை நுண்ணிய மின்னணுச் சில்லுகள் கணக்கிடுகின்றன. மழைத்துளியைத் தாமே உணர்ந்து இயங்கும் வைப்பர்களும் வந்துவிட்டன. கண்ணாடிக்குள் செலுத்திய அகச்சிவப்பு ஒளி, வறண்ட கண்ணாடியில் முழுதும் உள்ளே திரும்பிவருகிறது. நீர்த்துளி படிந்த இடத்தில் ஒரு பகுதி வெளியே தப்பிவிடுகிறது. இந்தக் குறைவைக் கொண்டே மழையின் அளவை அவை அறிகின்றன.

இவ்வளவு நுட்பமும் எதற்காக? மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பஸ் ஒரு விநாடியில் சுமார் 11 மீட்டர் கடந்துவிடுகிறது. நிமிடத்துக்கு 45 வீச்சுகள் என்றால், துடைப்பான் ஒரு முறை போய்த் திரும்புவதற்குள் பஸ் ஏறக்குறைய 15 மீட்டர் சென்றுவிடும். 65 வீச்சுகளானால் அது சுமார் 10 மீட்டராகக் குறையும். துடைப்பான் அடியோடு நின்றுவிட்டாலோ, கண்ணாடியில் படிந்த ஒவ்வொரு துளியும் ஒரு சிறு கண்ணாடி வில்லையாகி, எதிரே வரும் விளக்கொளியைச் சிதறடிக்கும். சாலையைக் கடக்கும் மனிதர் அந்த ஒளிக்குள் மறைந்துபோவார். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 101ஆம் விதி, மின்சாரம் முதலிய விசையால் இயங்கும் திறமான வைப்பர் வண்டிகளில் இருக்க வேண்டும் என்று கட்டளையிடுவது இதனால்தான்.

ஆகவே பருவமழைக்கு முன்னால், ஹைதராபாத்தில் மே மாத இறுதியிலும் சென்னையில் செப்டம்பர் மாத இறுதியிலும், வண்டி வைத்திருப்போர் செய்ய வேண்டியவை சில உண்டு. கண்ணாடியையும் ரப்பர் பட்டையையும் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். விறைத்த ரப்பரை மாற்ற வேண்டும். கண்ணாடியை நனைத்தபின் வைப்பரை இரு வேகங்களிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அணைத்தால் அது அடிவிளிம்பில் வந்து நிற்கிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். வேகம் தளர்ந்திருந்தால் அச்சுகளுக்குப் பசையிடச் செய்ய வேண்டும். மழை இல்லாத மாதங்களிலும், இரு வாரங்களுக்கு ஒருமுறை கண்ணாடியை நனைத்துச் சில வீச்சுகள் ஓடவிட்டால், பிரஷ்களும் தொடுவில்களும் துருவும் மாசும் பிடிக்காமல் இருக்கும். இவற்றுக்கெல்லாம் கால் மணி நேரம் போதும்.

வண்டி இல்லாதவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நள்ளிரவு மழையில் வைப்பர் நின்றுவிட்ட பஸ்ஸை ஓட்டுநர் சாலையோரமாக நிறுத்தினால், உள்ளே இருக்கும் நாம் பொதுவாக என்ன சொல்கிறோம்? நேரமாகிறது, மெல்லவாவது ஓட்டிக்கொண்டு போகலாமே என்கிறோம். நம்முடைய அவசரம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கண்ணாடிக்கு அப்பால் என்ன இருக்கிறதென்பது அவருக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. அத்தகைய வேளையில் வண்டியை நிறுத்துபவர் தம் கடமையைச் செய்பவரேயாவார். அவரை அவசரப்படுத்தாமல், மழை தணியும் வரையில் பொறுத்திருப்பதே நமது கடமையாகும்.